இடும்பன் பூசைக்கு ஒரு நாள் முன்பு

தைப்பூசம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை மதியம், மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் என் அப்பா படுத்திருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். சிவப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு. அரை மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கண் முன்னால் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார்.

முருகனடியார்களே, அன்றைக்கு அவன் எங்களுக்கு என்ன செய்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. களைப்பு இன்னும் தீரவில்லை. அதனால் அழகாக எழுத வராது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நான் செய்த தவறையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டால் இதைச் சொல்வதில் பயனில்லை.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் மூவறை வீடு. அப்பா தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி வெட்டுபவர். முப்பது வருடமாக ஒரே கடை, ஒரே முதலாளி. முதலாளியை எல்லாரும் நைனா பாய் என்பார்கள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். இரண்டு பேருமே சரியாகப் பள்ளிக்குப் போனதில்லை. குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறேன்.

படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வருகிற கடிதம் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். எட்டு வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். அந்த வயதிலேயே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கெட்ட செய்தி இருந்தால் அதைக் கொஞ்சம் தேய்த்துச் சின்னதாக்கிச் சொல்வேன். "சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, கால்களை உடனே பரிசோதிக்க வேண்டும்" என்று பாலிகிளினிக்கிலிருந்து கடிதம் வந்தால், "அடுத்த மாசம் ஒரு செக்கப் இருக்காம்ப்பா" என்று சொல்லிவிடுவேன். அப்பா முகம் மாறக்கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம். அதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பதினெட்டு வருடமாகக் காவடி எடுக்கிறார். காப்புக் கட்டிய நாளிலிருந்து மூன்று வாரம் அவர் வேறு மனிதர். தரையில்தான் படுக்கை. ஒரு வேளைச் சாப்பாடு. சவரம் செய்யமாட்டார், நகம் வெட்டமாட்டார். காப்புக் கட்டிய உடம்பில் கத்தி படக்கூடாது என்பது அவர் கணக்கு. கறி வெட்டும் கத்தியையும் தொடமாட்டார். அந்த மூன்று வாரமும் பாய் அவரைத் தன் தம்பியின் மசாலாக் கடையில் உட்கார வைத்துவிடுவார். பூசம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூசை. அன்றைக்குத்தான் காப்பு அவிழும். படையலுக்கு வேண்டிய ஆட்டுக்கறி பாய் கடையிலிருந்துதான் வரும். முதல் நாளே அப்பா போய் நின்று, இந்தத் துண்டு, அந்தத் துண்டு என்று விரலால் மட்டும் காட்டி வாங்கி வருவார். "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி தூர நின்னே காட்டுறான் பாரு" என்று பாய் வருடா வருடம் கேலி செய்வார்.

அப்பாவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் காவடிக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வார். "மனசு சுத்தமா இருந்தா கால்ல ஒரு கொப்புளம்கூட வராது." நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன்.

அந்தத் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து புறப்பட்டபோதே வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு கொதித்தது. வழியில் எங்கோ ஒரு சிதறு தேங்காயின் ஓட்டுச் சில் அப்பாவின் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி எப்போதோ குறைந்துவிட்டது. டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, காவடியை இறக்கி, வீட்டுக்கு வந்து குளியலறையில் கால் கழுவியபோதுதான் தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்திருக்கிறார். சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விபூதியும் மஞ்சளும் குழைத்து அப்பிக்கொண்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வார்? பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தது அவர் காலிலேயே பொய்யாகிவிட்டதே. விரதத்தில் எங்கோ குற்றம் நடந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் கைலியைக் கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். எழுந்தபோது நொண்டினார். கேட்டேன். நடந்த வலி என்றார். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. அப்பா உதறிக்கொண்டிருந்தார். போர்வை ஆடுசதையில் உரசியதற்கே கத்திவிட்டார். என் அப்பா கத்துகிற மனிதர் இல்லை. கட்டைவிரலில் கத்தி இறங்கியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். கைலியை விலக்கினேன். பாதத்தில் மஞ்சளுக்கு அடியில் ஒரு சின்னத் துளை. ஒரு பட்டாணிகூட நுழையாது. ஆனால் அதற்கு மேலே கால் முழுவதும் பளபளவென்று வீங்கி, நடுவில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. பக்கத்தில் கறுத்த நீர் கட்டிய கொப்புளம். ஒரு வாடையும் வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போகிற வழியில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழுவில் யாருக்கும் சொல்லக்கூடாது, பாய்க்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உயிர் போகிற வலியில் அவர் கேட்டது அதைத்தான்.

அவசரப் பிரிவில் ஒரு சீனப் பெண் டாக்டர் வந்து பார்த்தார். அறுவை சிகிச்சை நிபுணர். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காலை மெல்ல அழுத்தினார். தோலுக்கு அடியில் ஏதோ நொறுநொறுத்தது எனக்கே கேட்டது. கோடு போட்டார். இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டு கையிலும் மருந்து ஏறத் தொடங்கியது. அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் விளக்கினார்.

அவர் சொன்னது இதுதான். கிருமி தோலில் இல்லை, தோலுக்கு அடியில் சதையை மூடியிருக்கும் சவ்வு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. போகிற வழியெல்லாம் சதை செத்துக்கொண்டு போகிறது. செத்த சதைக்கு இரத்தம் போகாது, இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் ஊசி மருந்து மட்டும் போதாது. இப்போதே திறந்து, செத்தது எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும். காலையே எடுக்க வேண்டி வரலாம். எடுக்காமல் விட்டால் அவர் இறந்துவிடுவார். நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. அறுவை அறை தயாராகிறது, உன் அப்பாவிடம் சொல் என்றார்.

திரைக்குள் போனேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். கடிதம் வந்தால் பார்ப்பாரே, அதே பார்வை.

"உள்ள சீழ் புடிச்சிருக்காம்ப்பா," என்றேன். "ஆபரேஷன் பண்ணிச் சுத்தம் பண்ணணுமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். காலைச் சொல்லவில்லை. சாவைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு நிம்மதியாகிவிட்டது. அப்படியென்றால் நாளைக்குப் பூசை முடிந்து காப்பு அவிழ்ந்ததும் செய்துகொள்ளலாம், அதுவரை மருந்து ஏறட்டும் என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். இறந்துபோகலாம் என்று சொன்னாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சொன்னேன் என்று தலையாட்டினேன்.

அடியார்களே, அதுதான் என் பாவம். அவர் முகம் வாடக்கூடாது என்று நினைத்து அவரைக் கொன்றுகொண்டிருந்தேன். டாக்டர் விடவில்லை. நோயாளி நினைவோடு தெளிவாக இருக்கும்வரை முடிவு அவருடையதுதான், மகன் கையெழுத்துப் போட்டுச் செய்ய முடியாது, ஆனால் அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். மேல் மாடியிலிருந்து தமிழ் பேசும் தாதி ஒருவரைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். அந்தத் தாதி வேறொரு நோயாளியிடம் மாட்டிக்கொண்டிருந்தார். கோடு மறுபடியும் போட்டார்கள். சிவப்பு அதையும் தொட்டுவிட்டது.

நான் வெளியே வந்தேன். அம்மா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. பானம் விற்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே போய் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பாட்டு ஞாபகம் வரவில்லை. மந்திரம் வரவில்லை. முருகா, அவரைச் சரி என்று சொல்ல வை என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்பாவிடம் நான் உண்மையாக என்ன கேட்டேன், அவர் சரி என்று சொல்வதற்கு? பிறகு உண்மையான வேண்டுதல் வந்தது. முருகா, என்னால் சொல்ல முடியவில்லை. என் வாயைத் திற. தனியாக முடியவில்லை, யாரையாவது அனுப்பு.

அப்போது என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் போன் அடித்தது. அப்பாவின் உடைமைகளை, சட்டை, செருப்பு, போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். நைனா பாய்.

சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். ஐந்தாறு முறை அடிக்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தேன்.

"எங்கடா மாப்பிள்ளை?" என்றார் பாய், அப்பா என்று நினைத்துக்கொண்டு. "பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு. கடை அடைக்கப் போறேன் லா. கறி வேணுமா வேணாமா?"

நான் அழுதுவிட்டேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்டார். இருபது நிமிடத்தில் வந்து நின்றார். கடையில் போட்டிருக்கும் ரப்பர் காலணியோடு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு. இத்தனைக்கும் அவருக்கு முதுகுவலி, சனிக்கிழமை வியாபாரம் முடிந்தால் உட்கார்ந்து எழவே யோசிப்பார். உள்ளே இரண்டு பேருக்குமேல் விடமாட்டார்கள். அம்மா தன் அனுமதி அட்டையை அவரிடம் கொடுத்தார்.

அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் கோபம். என்னை முறைத்தார். பாய் அவரைச் சட்டை செய்யவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கறி வாங்கும் இடத்தில் ஆட்டைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"தம்பி, டாக்டர் என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு. மெழுகிச் சொல்லாத."

என் வாய் திறந்தது.

"அப்பா, இன்னிக்கு வெட்டலன்னா நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க. கால் போனாலும் போகும். நான் உங்ககிட்ட சரியாச் சொல்லல. பொய் சொல்லிட்டேன்."

அப்பாவின் முகம் மாறியது. இருபது வருடமாக நான் பயந்த அந்த முகமாற்றம் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சாகவில்லை. அவரும் உடைந்துபோகவில்லை. பாயைப் பார்த்துச் சொன்னார்.

"காப்பு இருக்கு பாய்."

"சாமி விஷயத்துல நான் வாய் வைக்க மாட்டேன், மணி. அது உனக்கும் அவருக்கும் உள்ளது. கறி விஷயம் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தொடையில ஒரு எடம் கெட்டுப்போச்சுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு கண்ணாடிப் பெட்டியில வைப்பமா?"

அப்பா தன் காலைப் பார்த்தார்.

"சொல்லு லா. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு என்ன சொல்லிக் குடுப்ப?"

"கெட்டதத் தாண்டி வெட்டணும்," என்றார் அப்பா மெதுவாக. "நல்ல செவப்பு தெரியற வரைக்கும்."

"எப்ப?"

"ஒடனே."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். பாய் தானாகவே திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அம்மா வந்தார். அப்பா கையை நீட்டினார். மஞ்சள் கயிறு. கை வீங்கியிருந்ததால் முடிச்சு இறுகிப்போயிருந்தது. மலாய்த் தாதி ஒருவர் கத்தரிக்கோலை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தார். அவருக்கு விஷயம் என்னவென்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. ஆனால் காப்பு முன்கூட்டியே அவிழ்கிறது என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அழாமல் அவிழ்த்து, கயிற்றைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

டாக்டர் வந்தபோது அப்பா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே சொன்னார்.

"ஓகே டாக்டர். கட்."

பிற்பாடு ஒரு நாள் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு சாமியிடம் என்ன கேட்டீர்கள் என்று. "அவுக்கட்டுமான்னு கேட்டேன்," என்றார். "பதில் ஒண்ணும் வரல. வேணாம்னும் சொல்லல. சரி, அப்படியே எடுத்துக்கிட்டேன்."

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாய் ஒரு மூலையில் துண்டை விரித்துத் தன் தொழுகையை முடித்துக்கொண்டு வந்தார். அம்மா வாய்க்குள் கந்தனைக் கூப்பிட்டபடியே இருந்தார். நான் தூங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அப்பா உயிருக்குப் போராடும்போது நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். மேலே தோல் நன்றாக இருந்த இடத்திலும் அடியில் சதை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்ததாம். இரத்தம் கசிகிற சதை தெரியும்வரை வெட்டினேன் என்றார். பாய்க்கு அதைத் தமிழில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் இப்போதைக்கு இருக்கிறது, நாளைக்கு மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும், அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். போகும்போது திரும்பி நின்று, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் நான் உங்களிடம் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்பேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, இடும்பன் பூசை நடந்திருக்க வேண்டிய நேரத்தில், அப்பா மறுபடியும் அறுவை அறையில் இருந்தார். செவ்வாய்க்கிழமை இன்னொரு முறை. அந்த முறைதான் புதிதாகச் செத்தது எதுவும் இல்லை என்றார்கள். நடுவில் இரண்டு நாள் மூச்சுக் கருவியில் கிடந்தார். சிறுநீரகம் தாங்குமா என்று பயந்தார்கள். தாங்கியது.

இங்கேதான் பலர் சாட்சியை முடிப்பார்கள். உயிர் பிழைத்தார், முருகனுக்கு அரோகரா என்று. எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நீண்ட பகுதி.

காலில் முழங்காலுக்குக் கீழே பாதிச் சதை இல்லை. காயத்தின் மேல் பஞ்சு வைத்து, அதை மூடி, ஒரு குழாய் வழியாக நீரை உறிஞ்சும் இயந்திரத்தை மாட்டியிருந்தார்கள். அது நாள் முழுவதும் முனகிக்கொண்டே இருக்கும். சில நாளுக்கு ஒரு முறை பஞ்சு மாற்றும்போது அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒரு மூலையில் ஒட்டவில்லை. மறுபடியும் ஒட்டினார்கள். அதன் பிறகு நடக்கப் பழகுவதற்கு வேறொரு மருத்துவமனை. நாளைக்கு நான்கு முறை இன்சுலின்.

நான் வேலை முடிந்து நேராக அங்கே போவேன். அம்மா விடிவதற்கு முன் வேலைக்குப் போய்விட்டு மதியம் அங்கே இருப்பார். நானும் அம்மாவும் வார்டு வாசலில்தான் சந்தித்துக்கொள்வோம். ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய ரெட்ஹில்லைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. அந்த மாதங்களில் எனக்குப் பக்தி பொங்கவில்லை. முருகா என்று சொன்னால் வாய்ப்பழக்கத்தில்தான் வந்தது. ஆனாலும் சொன்னேன். ஒன்றும் தோன்றாதபோதும் சொன்னேன். பல் தேய்ப்பது மாதிரி சொன்னேன். அதையும் அவன் வாங்கிக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன்.

என்னிடம் சிலர், காப்பாற்றியது டாக்டர், இதில் சாமி எங்கே வந்தார் என்று கேட்டார்கள். வேறு சிலர், விரதம் சரியாக இருந்தால் புண்ணே வந்திருக்காதே என்றார்கள். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் கேட்டது எனக்குத் தெரியும். காலைக் கொடு என்று கேட்கவில்லை. அற்புதம் கேட்கவில்லை. ஒரு ஆளை அனுப்பு, என் வாயைத் திற என்று கேட்டேன். கேட்டு வாய் மூடுவதற்குள் போன் அடித்தது. பேசியவர் அவன் பெயரைச் சொல்லிக் கும்பிடாதவர். ஆனால் என் அப்பாவுக்குப் புரிகிற ஒரே பேச்சைப் பேசத் தெரிந்தவர். யாரை அனுப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வீட்டில் கடிதங்களை நான் முழுதாகப் படிக்கிறேன். ஒரு வரியையும் விடுவதில்லை. அம்மாவுக்குச் சில நாள் கோபம் வரும். "கொஞ்சம் நல்லதாச் சொல்லேன்டா" என்பார். நல்லது இருந்தால் சொல்கிறேன். அப்பா தினமும் குளித்ததும் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். தனியாகச் செய்த செருப்பு போட்டுக்கொண்டு மெல்ல நடக்கிறார். இடும்பன் பூசையை ஆறு மாதம் கழித்துச் செய்தோம். கறி வாங்கப் போன அப்பாவிடம் பாய் கத்தியைக் கொடுத்து, வேண்டிய துண்டை நீயே வெட்டிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒன்று. போன மாதம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக் கீழே நம் குழு கூடியபோது உங்களில் சிலர் இருந்தீர்கள். வராதவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வருடம் காவடிக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம் அது. அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குப் புண்ணு வந்துச்சு. மறைச்சேன். விரதக் குத்தம்னு நெனச்சு மறைச்சேன். புண்ணு குத்தம் இல்ல. மறைச்சதுதான் குத்தம். அந்தக் கொப்புளக் கதைய இனிமே சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், பெயர் வேண்டாம், பன்னிரண்டு வருடமாக நம்மோடு நடப்பவர், மெதுவாக முன்னால் வந்தார். அப்பா எதிரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது.

"மணி அண்ணே, எனக்கும் இருக்கு. நாலு மாசமா இருக்கு."

அப்பா அவரைத் திட்டவில்லை. துணியை அவிழ்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். டாக்சியைக் கூப்பிட்டேன். கூட்டம் முடியும்வரைகூட நாங்கள் காத்திருக்கவில்லை.

அந்த அண்ணனின் கால் பிழைத்துவிட்டது. அவர் இந்த வருடம் காலுறை போட்டுக்கொண்டு நடக்கப்போகிறார். சர்க்கரை உள்ளவர்கள் காலுறையோடு நடக்கலாம், காப்புக் கட்டுவதற்கு முன்பும் நடந்து முடிந்த பிறகும் எல்லாருடைய பாதத்தையும் பார்ப்பது என்று குழுவில் முடிவாகிவிட்டது. பாதம் பார்க்கும் வேலையை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடியார்களே, முருகனை நம்புங்கள். நான் களைத்துப்போய்ச் சொல்கிறேன், அதனால் நம்பலாம். உங்கள் வீட்டில் யாராவது கைலியைக் கால் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், முருகா என்று சொல்லிவிட்டு அதை விலக்கிப் பாருங்கள். சிவப்பு ஏறியிருந்தால், தொட்டதற்கே துடித்தால், நாள் பார்க்காதீர்கள், அப்போதே கூட்டிப்போங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லையென்றால் அதை அவனிடம் கேளுங்கள். நான் சுவரில் தலையை வைத்துக்கொண்டு கேட்டேன், கொடுத்தான். உங்களுக்கும் கொடுப்பான்.